நாற்காலிக்கு வந்த பெண்கள், வாக்குக் கேட்கப்படாத பெண்கள்

1988 ஜனவரி மாதம் தமிழ்நாட்டு அரசியலில் அதுவரை நடக்காத ஒன்று நடந்தது. மாநிலத்தை ஆண்டுகொண்டிருந்த ஒரு கட்சியின் தலைமைக்கு இரண்டு பெண்கள் நேருக்கு நேர் நின்றார்கள். ஒருவர் முதலமைச்சராகப் பதவியேற்றார். மற்றவர் பொதுச் செயலாளர் எனத் தம் அணியால் அறிவிக்கப்பட்டார். தமிழகத்தின் முதல் பெண் முதலமைச்சர் வி.என். ஜானகி. பின்னாளில் அந்தக் கட்சியைக் கால் நூற்றாண்டுக்கும் மேலாகக் கையில் வைத்திருந்தவர் ஜெ. ஜெயலலிதா. இந்த இருவரின் கதையை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். பெரும்பாலும் அது ‘மனைவிக்கும் இன்னொருத்திக்கும் நடந்த சண்டை’ என்றே சொல்லப்பட்டிருக்கிறது. அது ஒரு கட்சி தன் தலைவரைத் தேர்ந்தெடுத்த கதையும்கூட. அப்படிப் படிக்கும்போது வேறொரு கேள்வி மேலே வருகிறது. தலைமைக்குப் பெண்கள் வந்தார்கள், சரி. அந்தத் தலைமையைத் தேர்ந்தெடுக்கும் உரிமை பெண்களிடம் எப்போதாவது இருந்ததா?

இந்தக் கேள்வியை நான் காவேரிப்பட்டினத்தில் இருந்துகொண்டு கேட்கிறேன். அதற்குக் காரணம் உண்டு. எங்களுக்குப் பக்கத்துத் தொகுதியான பர்கூரிலிருந்துதான் 1991இல் ஜெயலலிதா முதன்முறையாக முதலமைச்சர் ஆனார். அந்தத் தேர்தலில் காங்கேயத்திலும் வென்றவர், பர்கூரைத் தக்கவைத்துக்கொண்டார். 1996இல் அதே பர்கூர் அவரைத் தோற்கடித்தது. காவேரிப்பட்டினத்திலிருந்து சில கிலோமீட்டர் வடக்கே, கிருஷ்ணகிரி வழியாகப் போகும் சென்னை – பெங்களூரு நெடுஞ்சாலையில்தான் 2017இல் வி.கே. சசிகலா சிறைக்குப் போனார். 2021இல் அதே சாலையில் திரும்பி வந்தார். இந்த ஊர்களின் பெண்கள் அந்தக் கூட்டங்களில் நின்றவர்கள், கோலம் போட்டவர்கள், ஆரத்தி எடுத்தவர்கள், வாக்களித்தவர்கள். அவர்களை இந்த வரலாற்றின் ஓரத்தில் நிறுத்தியே இதுவரை எழுதியிருக்கிறோம்.

வாரிசு என்ற சொல்லும் ஒரு பெண்ணும்

கதையைக் கொஞ்சம் முன்னிருந்து தொடங்க வேண்டும். திராவிட இயக்கத்தில் ‘அடுத்து யார்’ என்ற கேள்வி முதன்முதலில் பெரிதாக வெடித்தபோதே அதன் நடுவில் ஒரு பெண் நின்றார். 1949 ஜூலை 9 அன்று பெரியார் மணியம்மையைத் திருமணம் செய்துகொண்டார். பெரியாருக்கு அப்போது எழுபது வயது நெருங்கிக்கொண்டிருந்தது; மணியம்மை அவரைவிடப் பல பத்தாண்டுகள் இளையவர். இயக்கத்துக்கும் அதன் சொத்துகளுக்கும் சட்டப்படியான வாரிசு தேவை என்பது பெரியார் சொன்ன காரணம். அதை ஏற்காமல் அண்ணாவும் அவருடன் இருந்தவர்களும் வெளியேறினார்கள். 1949 செப்டம்பர் 17 அன்று திராவிட முன்னேற்றக் கழகம் தொடங்கப்பட்டது.

இந்தப் பிளவைப் பெண்ணுக்கு எதிரான ஆண்களின் கோபம் என்று மட்டும் சுருக்குவது நேர்மையாகாது. பொருந்தா மணத்தை எதிர்த்த இயக்கம் அது. அந்தக் கொள்கையிலிருந்து பேசியவர்களும் இருந்தார்கள். தேவதாசி முறையை எதிர்த்துப் போராடிய மூவலூர் ராமாமிர்தம் அம்மையாரும் அண்ணாவின் பக்கமே நின்றார். ஆனாலும் விவாதம் போன திசையைக் கவனிக்க வேண்டும். தலைவரின் பொறுப்பு எந்த முறைப்படி அடுத்தவருக்குப் போக வேண்டும் என்பதே அடிப்படைக் கேள்வி. பேச்சு முழுவதும் மணியம்மை யார், அவருக்கு என்ன தகுதி, அவர் எதற்கு ஆசைப்படுகிறார் என்று அவர்மீதே விழுந்தது. விதிகளைப் பற்றிய கேள்வி ஒரு பெண்ணின் நடத்தையைப் பற்றிய கேள்வியாக மாறியது. தமிழகத்துக் கட்சிகளில் இது பின்னர் பலமுறை நடந்தது.

1973 டிசம்பர் 24 அன்று பெரியார் மறைந்த பின் மணியம்மை திராவிடர் கழகத்துக்குத் தலைமை ஏற்றார். அடுத்த ஆண்டே வடக்கின் ராம்லீலாவுக்கு எதிர்வினையாக ‘இராவண லீலா’ நடத்தினார். 1978 மார்ச் 16 அன்று இறக்கும்வரை இயக்கத்தைக் கலையாமல் காத்தார். ஆனாலும் ‘பெரியாரை உடலளவில் பேணியவர்’ என்ற அளவிலேயே பலர் அவரை நினைவில் வைத்திருக்கிறார்கள். அவர் எடுத்த முடிவுகளைப் பற்றிய எழுத்து குறைவு. அவர் ஆற்றிய பணிவிடையைப் பற்றிய எழுத்து அதிகம்.

இதற்கு எதிர்முனையில் சத்தியவாணி முத்துவை வைத்துப் பாருங்கள். தி.மு.க.வின் தொடக்க காலத்திலிருந்து உழைத்தவர், தலித் பெண், குலக்கல்வித் திட்டத்தை எதிர்த்துச் சிறை சென்றவர், 1967இல் அண்ணாவின் அமைச்சரவையில் இடம்பெற்றவர். 1969 பிப்ரவரி 3 அன்று அண்ணா மறைந்தபோது அடுத்த தலைவர் யார் என்ற பேச்சில் கருணாநிதியின் பெயரும் நெடுஞ்செழியனின் பெயரும் இருந்தன. சட்டமன்றக் கட்சி கருணாநிதியைத் தேர்ந்தெடுத்தது. சத்தியவாணி முத்துவின் பெயர் அந்தப் பேச்சில் எழவே இல்லை. 1974இல் அவர் தி.மு.க.விலிருந்து வெளியேறித் தாழ்த்தப்பட்டோர் முன்னேற்றக் கழகத்தைத் தொடங்கினார். பின்னர் அது அ.தி.மு.க.வில் இணைந்தது. 1979இல் அவர் ஒன்றிய அமைச்சரானார். அமைப்பில் உழைத்து, சிறை சென்று, தேர்தலில் வென்று மேலே வந்த பெண்ணுக்குத் தலைமைக்கான வழி திறக்கவில்லை. ஓர் ஆணின் வீட்டு வாசல் வழியாக வந்த பெண்களுக்கே அது திறந்தது. இது அந்தப் பெண்களின் குற்றமல்ல. வழியை அமைத்தவர்களைக் கேட்க வேண்டியது.

இது தமிழகத்துக்கு மட்டும் உரியதுமல்ல. இலங்கையில் 1959 செப்டம்பரில் பண்டாரநாயக்க சுட்டுக் கொல்லப்பட்ட பின் அவருடைய மனைவி சிறிமாவோ கட்சியை வழிநடத்தி, 1960 ஜூலையில் உலகின் முதல் பெண் பிரதமர் ஆனார். கணவரை இழந்த துயரமே அவருடைய முதல் அரசியல் தகுதியாகப் பார்க்கப்பட்டது.

எம்.ஜி.ஆர். எழுதிவைத்த விதி

1972 அக்டோபரில் எம்.ஜி.ஆர். தி.மு.க.விலிருந்து நீக்கப்பட்டார். அந்த நீக்கம் கட்சியின் மேல்மட்டக் குழுக்களில் முடிவானது. தெருவில் தொண்டர்கள் அவர் பக்கம் திரண்டார்கள். குழுக்களில் அவருக்குப் பெரும்பான்மை இல்லை. அக்டோபர் 17 அன்று அவர் தொடங்கிய கட்சியின் சட்டத்தில் இந்த அனுபவத்தின் தடம் தெரிகிறது. பொதுச் செயலாளரைக் கட்சியின் அடிப்படை உறுப்பினர்கள் அனைவரும் சேர்ந்து தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது விதி. பொதுக்குழு மற்ற விதிகளைத் திருத்தலாம். இதை மட்டும் திருத்தக் கூடாது என்ற காப்பும் சேர்க்கப்பட்டிருந்தது.

இதன் பொருளை ஒரு கணம் யோசிப்போம். அ.தி.மு.க.வுக்குத் தொடக்கத்திலிருந்தே பெண்களின் ஆதரவு பெரிது. எம்.ஜி.ஆரின் படங்களிலிருந்து சத்துணவுத் திட்டம் வரை அதற்குப் பல காரணங்கள் சொல்லப்படுகின்றன. அந்தப் பெண்களில் உறுப்பினர் அட்டை வைத்திருந்தவர்கள் ஒவ்வொருவருக்கும், காகிதத்தின்படி, கட்சியின் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் ஒரு வாக்கு இருந்தது. இந்திய அரசியல் கட்சிகளில் இது அபூர்வமான உரிமை. அந்த வாக்கு என்ன ஆயிற்று என்பதுதான் மீதிக் கதை.

1988: இரண்டு பெண்கள், 97 கையெழுத்துகள்

1987 டிசம்பர் 24 அன்று எம்.ஜி.ஆர். இறந்தார். பெரியார் மறைந்த அதே தேதி. ராஜாஜி மண்டபத்தில் உடல் வைக்கப்பட்டிருந்தபோது ஜெயலலிதா தலைமாட்டில் மணிக்கணக்காக நின்றார். இறுதி ஊர்வலத்தின் பீரங்கி வண்டியில் ஏறியபோது கீழே தள்ளப்பட்டார். அன்று அவர் யாரோ ஒரு நடிகை அல்லர். 1982இல் கட்சியில் சேர்ந்து, அந்த ஆண்டு கடலூர் மாநாட்டில் ‘பெண்ணின் பெருமை’ என்ற தலைப்பில் பேசி, 1983இல் கொள்கை பரப்புச் செயலாளராகி, 1984இல் மாநிலங்களவைக்குச் சென்றவர். ஆனால் அந்த இரண்டு நாளும் அவரிடம் கேட்கப்பட்டது ஒரே கேள்வி: உனக்கு அவர் என்ன உறவு?

மறுபக்கம் ஜானகி. ‘ராஜ முக்தி’, ‘மோகினி’, ‘மருதநாட்டு இளவரசி’ போன்ற படங்களின் நாயகி. திருமணத்துக்குப் பின் திரையை விட்டு விலகியவர். அரசியலில் எந்தப் பொறுப்பும் வகித்ததில்லை. ஆர்.எம். வீரப்பனும் அவருடன் இருந்தவர்களும் ஜானகியை முன்னிறுத்தினார்கள். நெடுஞ்செழியன், பண்ருட்டி ராமச்சந்திரன், திருநாவுக்கரசு, அரங்கநாயகம் ஆகியோர் ஜெயலலிதாவை முன்னிறுத்தினார்கள். இரண்டு பக்கமும் ஆட்சியை நடத்திப் பழகிய ஆண்கள். நடுவில் இரண்டு பெண்கள். சட்டமன்ற உறுப்பினர்கள் 97 பேர் ஜானகியை ஆதரித்துக் கையெழுத்திட்டார்கள். 1988 ஜனவரி 7 அன்று அவர் பதவியேற்றார்.

ஜனவரி 28 அன்று நம்பிக்கை வாக்கெடுப்பு. அவைக்குள் அடிதடி நடந்தது. காவல்துறை உள்ளே நுழைந்து தடியடி நடத்தியது. இரண்டு நாளில் ஆட்சி கலைக்கப்பட்டுக் குடியரசுத் தலைவர் ஆட்சி வந்தது. மூன்று வாரச் சொச்சத்தில் முடிந்த அந்த ஆட்சியை இன்றும் ‘அந்தம்மாவால் சமாளிக்க முடியவில்லை’ என்றே பேசுகிறோம். அவையில் மைக்கைப் பிடுங்கி அடித்துக்கொண்டவர்கள் யார் என்று யாரும் கேட்பதில்லை.

தேர்தல் ஆணையம் இரட்டை இலையை முடக்கியது. 1989 ஜனவரித் தேர்தலில் ஜெயலலிதா அணி சேவல் சின்னத்திலும் ஜானகி அணி இரட்டைப் புறா சின்னத்திலும் நின்றன. ஜெயலலிதா போடிநாயக்கனூரில் வென்றார். அவருடைய அணி 27 இடங்களைப் பிடித்தது. ஜானகி ஆண்டிபட்டியில் தோற்றார். அந்தத் தோல்விக்குப் பின் அவர் அரசியலிலிருந்து விலகினார், அணிகள் இணைந்தன, சின்னம் திரும்பி வந்தது.

கவனியுங்கள்: ஓராண்டுக்கும் மேலாக நடந்த இந்தத் தலைமைப் போட்டியில் ஆளுநர் மாளிகை, சட்டமன்றம், தேர்தல் ஆணையம், பொதுத் தேர்தல் என எல்லாம் பங்கு வகித்தன. கட்சிச் சட்டம் சொன்ன அந்த ஒரு வழி, உறுப்பினர்கள் அனைவரும் வாக்களிப்பது, ஒருமுறையும் முயன்று பார்க்கப்படவில்லை. 1989 தேர்தலில் பொதுமக்கள் செய்த தேர்வைத்தான் கட்சி பின்னர் தன் தேர்வாக ஏற்றுக்கொண்டது.

ஜானகியைக் கட்சி பின்னர் பெரிதும் போற்றியது. அவருடைய நூற்றாண்டு விழாவை 2024 நவம்பரில் கொண்டாடியது. புகழ்ச்சியில் திரும்பத் திரும்ப வந்த பண்பு விட்டுக்கொடுத்தல். கட்சியின் தலைமை அலுவலகம் இருக்கும் ராயப்பேட்டைக் கட்டடமே ஜானகி கொடுத்தது. கட்டடத்தைக் கொடுத்ததற்கும் நாற்காலியை விட்டதற்கும் பாராட்டு கிடைக்கிறது. முதலமைச்சராக அவர் உட்கார்ந்திருந்த நாட்களைப் பற்றிக் கேட்டால் மௌனம்.

‘போட்டியின்றி’ என்ற சொல்

ஜெயலலிதாவின் காலத்தில் நிலைமை மாறியதா? பெண்களுக்கான சில ஏற்பாடுகள் வந்தன. 1992இல் தமிழகத்தின் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் ஆயிரம் விளக்கில் திறக்கப்பட்டது. பெண் சிசுக்கொலை நடந்த எங்கள் பகுதிக்கு அருகே, சேலத்தில், அதே ஆண்டு தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கியது. உள்ளாட்சியில் பெண்களுக்கு 50 விழுக்காடு இடஒதுக்கீட்டுக்கான சட்டத்திருத்தம் 2016இல் வந்தது. இவற்றின் குறைகளைப் பேசலாம். இவற்றை இல்லை என்று சொல்ல முடியாது.

கட்சிக்குள் மட்டும் கதவு மூடியே இருந்தது. 2014 ஆகஸ்டில் ஜெயலலிதா ஏழாவது முறையாகப் பொதுச் செயலாளராகத் தேர்வானார், போட்டியின்றி. அறிவிப்பு வரும், வேட்புமனுக்கள் அவர் பெயரிலேயே குவியும், வாக்குச்சீட்டு அச்சாகாது. மாவட்டச் செயலாளர்கள் ஒரே இரவில் மாறினார்கள். ஏன் என்று கேட்க இடமில்லை. அமைச்சர்கள் அவர் காலில் விழுந்ததை நாம் பெண் அதிகாரத்தின் காட்சியாகச் சில சமயம் ரசித்திருக்கிறோம். குனிந்த அந்த ஆண்களுக்கு மாவட்டம் கிடைத்தது, ஒன்றியம் கிடைத்தது, வேட்பாளரைப் பரிந்துரைக்கும் அதிகாரம் கிடைத்தது. மகளிர் அணிக்குக் கூட்டத்தைத் திரட்டும் வேலை கிடைத்தது.

எங்கள் தெருவில் ஒரு அக்கா இருக்கிறார். கட்சி அட்டையைக் குடும்ப அட்டையோடு சேர்த்துப் பிளாஸ்டிக் உறையில் வைத்திருப்பவர். பொதுச் செயலாளரைத் தேர்ந்தெடுக்க உங்களுக்கும் ஓட்டு உண்டு என்று சட்டத்தில் இருந்தது, தெரியுமா என்று ஒருமுறை கேட்டேன். “அதுக்கெல்லாம் நமக்கு ஓட்டா, டீச்சர்?” என்று சிரித்தார். “எல்லா எலக்‌ஷனுக்கும் போட்டிருக்கேன். அதுக்கு ஒருத்தரும் வந்து கேக்கலையே.”

நெடுஞ்சாலையில் போனவரும் வந்தவரும்

2016 டிசம்பர் 5 அன்று ஜெயலலிதா இறந்தார். டிசம்பர் 29 அன்று வானகரத்தில் கூடிய பொதுக்குழு சசிகலாவைத் தற்காலிகப் பொதுச் செயலாளராக நியமித்தது. 2017 பிப்ரவரி 5 அன்று சட்டமன்றக் கட்சித் தலைவராகவும் தேர்வானார். இரண்டு நாளில் ஓ. பன்னீர்செல்வம் ஜெயலலிதா நினைவிடத்தில் தியானம் இருந்து பிரிந்தார். சட்டமன்ற உறுப்பினர்கள் கூவத்தூர் சொகுசு விடுதியில் தங்கவைக்கப்பட்டார்கள். பிப்ரவரி 14 அன்று சொத்துக் குவிப்பு வழக்கில் உச்ச நீதிமன்றம் சசிகலாவின் தண்டனையை உறுதிசெய்தது. மறுநாள் அவர் சாலை வழியாகப் பெங்களூரு போய்ப் பரப்பன அக்ரஹாரா சிறையில் சரணடைந்தார்.

சசிகலா மீதான தீர்ப்பும் அதன் காரணங்களும் உண்மை. ஊழலைக் கேட்பதற்குப் பெண்ணியம் தடையாக இருக்கத் தேவையில்லை. ஆனால் அந்த நாட்களில் புழங்கிய ஏச்சுகள் ஊழலைப் பற்றியவையாக இருந்தது குறைவு. ‘வேலைக்காரி’ என்ற சொல்லே அதிகம் ஒலித்தது. ஒரு வீட்டில் வேலை செய்தவர் தலைவராகக் கூடாது என்ற எண்ணம், ஜனநாயகத்தின் பேரில், வெட்கமில்லாமல் வெளியே வந்தது. ஓசூர்த் தொழிற்சாலைகளுக்குப் பேருந்து ஏறும் பெண்களும், வீட்டுவேலைக்குப் போகும் பெண்களும் நிறைந்த எங்கள் பகுதியில் அந்தச் சொல் எப்படிக் கேட்டிருக்கும் என்று ஏசியவர்கள் நினைக்கவில்லை.

2017 செப்டம்பர் 12 அன்று பொதுக்குழு சசிகலாவின் நியமனத்தை ரத்துசெய்தது. ஜெயலலிதாவே நிரந்தரப் பொதுச் செயலாளர் என்று அறிவித்தது. ஒருங்கிணைப்பாளர், இணை ஒருங்கிணைப்பாளர் என இரண்டு புதிய பதவிகள் வந்தன. பன்னீர்செல்வமும் எடப்பாடி பழனிசாமியும் அவற்றில் அமர்ந்தார்கள். இறந்த பெண்ணுக்கு நிரந்தரப் பதவி. நிர்வாகம் உயிரோடிருக்கும் இரண்டு ஆண்களுக்கு. அஞ்சலி போலத் தெரிந்த அந்தத் தீர்மானம், அடிப்படை உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்க வேண்டிய பதவியையே காலியில்லாமல் ஆக்கிவிட்டது.

2021 பிப்ரவரி 8 அன்று சசிகலா பெங்களூருவிலிருந்து திரும்பினார். ஓசூர் எல்லையிலிருந்து வழிநெடுக வரவேற்பு, காரில் அ.தி.மு.க. கொடி இருக்கலாமா கூடாதா என்ற தகராறு. கிருஷ்ணகிரி சுங்கச்சாவடி அருகே பட்டாசு வைத்திருந்த கார் தீப்பிடித்தது. சென்னை போய்ச் சேர மறுநாள் அதிகாலை ஆயிற்று. மார்ச் 3 அன்று அவர் அரசியலிலிருந்து ஒதுங்குவதாக அறிவித்தார். ஜானகிக்குக் கிடைத்த பாராட்டு இவருக்கும் அப்போது கொஞ்சம் கிடைத்தது. பின்னர் அவர் மீண்டும் பேசத் தொடங்கியபோது அது நின்றுபோனது.

பத்து ஆண்கள் முன்மொழிய

2022 ஜூலை 11 அன்று வானகரத்தில் கூடிய பொதுக்குழு இரட்டைத் தலைமையை ஒழித்துப் பழனிசாமியை இடைக்காலப் பொதுச் செயலாளராக்கியது. துணைப் பொதுச் செயலாளர்களாக இருவர் அறிவிக்கப்பட்டார்கள்: நத்தம் விஸ்வநாதனும், 1991இலும் 2001இலும் எங்கள் காவேரிப்பட்டினம் தொகுதியிலிருந்து சட்டமன்றம் சென்ற கே.பி. முனுசாமியும். அதே நேரத்தில் ராயப்பேட்டையில், ஜானகி கொடுத்த கட்டடத்தில், இரு தரப்பும் கல்லெறிந்து மோதிக்கொண்டார்கள். அதிகாரிகள் வந்து அதைப் பூட்டிச் சீல் வைத்தார்கள். 2023 பிப்ரவரி 23 அன்று உச்ச நீதிமன்றம் அந்தப் பொதுக்குழு செல்லும் என்றது. மார்ச் 28 அன்று பழனிசாமி பொதுச் செயலாளராக அறிவிக்கப்பட்டார், மறுபடியும் போட்டியின்றி.

இந்தப் பொதுக்குழு செய்த விதித் திருத்தத்தைத்தான் நாம் நிதானமாக வாசிக்க வேண்டும். அடிப்படை உறுப்பினர்களே பொதுச் செயலாளரைத் தேர்ந்தெடுப்பார்கள் என்ற வாசகம் திரும்பி வந்தது. கூடவே நிபந்தனைகளும் வந்தன. போட்டியிடுபவர் தொடர்ந்து 10 ஆண்டு உறுப்பினராக இருக்க வேண்டும். தலைமைக் கழகப் பொறுப்பில் 5 ஆண்டு இருந்திருக்க வேண்டும். 10 மாவட்டச் செயலாளர்கள் முன்மொழிய வேண்டும். 10 மாவட்டச் செயலாளர்கள் வழிமொழிய வேண்டும்.

எந்தக் கட்சியிலும் மாவட்டச் செயலாளர் பதவி பெண்ணுக்குக் கிடைப்பது அரிது. பணம், சாதிப் பலம், ஒப்பந்ததாரர்கள், இரவு நேரப் பேச்சுவார்த்தை என அந்தப் பதவி கட்டப்பட்டிருக்கும் விதமே பெண்ணை விலக்குகிறது. ஆகவே ‘20 மாவட்டச் செயலாளர்கள்’ என்ற நிபந்தனையில் ‘பெண்’ என்ற சொல் எங்கும் இல்லாவிட்டாலும் அதன் விளைவு பெண்களுக்கு எதிரானது. 1.5 கோடித் தொண்டர்கள் என்று கட்சி அப்போது சொன்ன கணக்கையும், பொதுக்குழுவின் 2,500க்கும் மேற்பட்ட உறுப்பினர்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஏறக்குறைய 6,000 பேருக்காக ஒருவர் பேசுகிறார். அந்த ஒருவரும் பெரும்பாலும் ஆண்.

இதை ஒரு கட்சியின் குற்றமாக மட்டும் எழுதினால் தவறாகும். தி.மு.க.வில் 1969இல் தலைவர் பதவி உருவானதிலிருந்து அதில் இருந்தவர்கள் இருவர்: தந்தையும் மகனும். மு.க. ஸ்டாலின் 2018 ஆகஸ்ட் 28 அன்று போட்டியின்றித் தேர்வானார். 2022இல் கனிமொழிக்குக் கிடைத்தது துணைப் பொதுச் செயலாளர் பதவி. பெண்ணுக்கென்று ஒதுக்கப்படும் இடத்துக்கு முன்னால் ‘துணை’ என்ற சொல் ஒட்டிக்கொண்டே வருகிறது. 2021 தேர்தலில் ஆண்களைவிடப் பெண் வாக்காளர்கள் அதிகம். 234 பேர் கொண்ட அவைக்குப் போன பெண்கள் 12 பேர்.

விதி வேறாக இருந்தால்

கட்சிகள் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் முறை இப்படித்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. அயர்லாந்தைப் பார்க்கலாம். நம் நாட்டின் ‘ஹோம் ரூல்’ இயக்கத்துக்குப் பெயரையே தந்த நாடு அது. 1916இல் அடையாற்றிலிருந்து அன்னி பெசன்ட் அந்தப் பெயரைத்தான் எடுத்துக்கொண்டார். அங்கே 2014 ஜூலையில் தொழிற்கட்சி தலைவரைத் தேர்ந்தெடுத்தபோது ஒவ்வொரு உறுப்பினர் வீட்டுக்கும் தபாலில் வாக்குச்சீட்டு போனது. ஜோன் பர்ட்டன் நான்கில் மூன்று பங்குக்கும் மேலான வாக்குகளுடன் அந்தக் கட்சியின் முதல் பெண் தலைவரானார். யாருடைய மனைவியாகவும் மகளாகவும் அவர் அந்த நாற்காலிக்கு வரவில்லை.

அங்கும் எல்லாம் சரியாக இல்லை. 2017இல் ஃபினா கேல் கட்சியில் நாடாளுமன்ற உறுப்பினர்களின் வாக்குக்கு 65 விழுக்காடு எடை, சாதாரண உறுப்பினர்களுக்கு 25, உள்ளாட்சி உறுப்பினர்களுக்கு 10. சாதாரண உறுப்பினர்களில் 65 விழுக்காட்டினர் சைமன் கோவ்னியை விரும்பினார்கள்; லியோ வராத்கர் தலைவரானார். சின் ஃபெயின் கட்சிக்கு 1937இலேயே மார்கரெட் பக்லி என்ற பெண் தலைவராக இருந்தார்; அடுத்த பெண் தலைவர் மேரி லூ மெக்டொனால்ட் வர 2018 ஆயிற்று, அதுவும் போட்டியின்றி. ஆனால் அந்த விதிகளும் எடைகளும் வெளிப்படையாக இருந்தன. யாருடைய வாக்கு எவ்வளவு தாழ்த்தப்பட்டது என்று விரல் வைத்துக் காட்ட முடிந்தது. இன்னொன்றும் உண்டு: வேட்பாளர்களில் 30 விழுக்காடு பெண்கள் இல்லாவிட்டால் கட்சிக்கான அரசு நிதியில் பாதி வெட்டப்படும் என்று 2012இல் சட்டம் வந்தது, 2023இல் அந்த அளவு 40 ஆனது. பெண்களை நிறுத்தச் சொல்லி வேண்டுகோள் விடுவதற்கும் பணத்தில் கைவைப்பதற்கும் உள்ள வேறுபாடு கட்சிகளுக்கு நன்றாகப் புரிந்தது.

நம் வகுப்பறைகளில் பெண் தலைமை என்றதும் ஜெயலலிதாவின் வாழ்க்கையைப் பேசுகிறோம். அவருடைய துணிச்சலா, ஆணவமா என்று பட்டிமன்றம் நடத்துகிறோம். மாணவிகள் இனி வேறொரு பனுவலையும் கையில் எடுக்க வேண்டும் என்று விரும்புகிறேன்: கட்சிகளின் சட்டதிட்டப் புத்தகம். மணியம்மை, சத்தியவாணி முத்து, ஜானகி, ஜெயலலிதா, சசிகலா ஆகிய ஐவரின் வாழ்க்கையும் அந்தப் புத்தகத்தின் வரிகளோடு மோதியிருக்கிறது. யார் வாக்களிக்கலாம், யார் முன்மொழியலாம், எத்தனை ஆண்டு எந்தப் பதவியில் இருந்திருக்க வேண்டும், அந்தப் பதவியை யார் தருகிறார்கள் என்று கேட்டுக் கேட்டுப் படித்தால், அடுத்த தலைவர் யார் என்பதைவிட அவரை யார் தேர்ந்தெடுப்பார்கள் என்பது முன்கூட்டியே தெரிந்துவிடும்.

இந்த மாவட்டத்தில் அடுத்த உறுப்பினர் சேர்க்கைக்கு எல்லாக் கட்சிகளும் வீடு வீடாக வரும். அட்டையை நீட்டுபவரிடம், இதில் எனக்குத் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் வாக்கு உண்டா, அந்த வாக்குச்சீட்டு எந்தத் தேதியில் என் கைக்கு வரும் என்று பெண்கள் கேட்கலாம். பதில் இல்லையென்றால் கையெழுத்தைக் கொஞ்சம் தள்ளிப்போடலாம்.